செம்பட்டை முடியில் கட்டிய ஈ

அன்று எங்கள் முற்றத்தில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, அம்மா மடியில் ஏழு மாதத் தங்கச்சி, செங்கோட்டைக் கணவாய்க்கு அந்தப் பக்கமிருந்து அழைத்து வந்திருந்த மந்திரவாதி, வேலிக்கு வெளியே தெருவில் பாதிப் பேர், நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். குற்றாலம் பங்களாவில் தங்கியிருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர். என் பெரியம்மா ஒருத்தி. முற்றத்து நடுவில் ஒரு முறம் இருந்தது. முறத்தில் கிடந்த பொருள் இன்னதென்று அந்த இரண்டு பேரும் பார்த்தவுடனே சொல்லியிருப்பார்கள். அங்கே இருந்தவர்களில் அதைச் சொல்லக்கூடியவன் நான் மட்டும்தான். எனக்கு அப்போது பத்து வயது. நான் சொல்லவில்லை.

குற்றாலத்துக்காரன் சாரலுக்கு ஊர் போகாமல் லீவை மதுரையிலேயே கழிக்கிறானே என்று போன வாரம் மெஸ்ஸில் கேட்டீர்கள். சிரித்து மழுப்பிவிட்டேன். கேட்டவர்கள் எல்லோரும் என்னைப் போலத்தான், வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை மிதித்தவர்கள். நாம் படிப்பதற்காக வீட்டில் யாராவது ஒருவர் எதையாவது விட்டிருப்பார். உங்கள் வீட்டில் அது யார் என்று உங்களுக்குத் தெரியும். என் வீட்டில் அது யார் என்று சொல்கிறேன்.

குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவே சிற்றாற்றை ஒட்டி எங்கள் தெரு. அப்பா குத்தகை வயல் பார்த்தார். பெரியப்பா நான் பிறக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லாத பெரியம்மா எங்கள் வீட்டிலேயே பின்னறையில் இருந்தாள். அவளுக்குச் செம்பட்டை முடி. எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் கறுக்காது. தெருவில் வேறு யாருக்கும் அந்த நிறம் கிடையாது. பெயருக்குப் பதிலாகச் செம்பட்டைக்காரி என்றே அவளைச் சொல்வார்கள். சாரல் மாதங்களில் பங்களாவைப் பெருக்கி மசாலா அரைத்துக் கொடுக்கும் வேலைக்குப் போவாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் என்னையும் கூட்டிப்போவாள். அந்தக் கூலியில்தான் என் சிலேட்டும் புத்தகமும் வந்தன.

அந்த வருஷம் பங்களாவில் இருந்த துரை வயதானவர். நெஞ்சு சரியில்லை, மேலே தேயிலை மலையின் குளிர் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக பட்லர் சொன்னார். மலை மேலே, கையை வைத்தால் விரல் மரத்துப் போகிற ஆறுகளில், உடம்பெல்லாம் புள்ளி போட்ட டிரவுட் என்ற மீன் இருக்கிறதாம். அது நம் நாட்டு மீனே அல்லவாம். அதன் முட்டையை ஐஸில் புதைத்து, சீமையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து மலை ஆற்றில் விட்டார்களாம். பெரியம்மா இதை வீட்டில் வந்து சொன்னபோது, மீனுக்குக் கப்பல் டிக்கெட் யார் எடுத்தது என்று அப்பா கேட்டார். அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அம்மாகூட.

டிரவுட் கிடைக்காத துரை எங்கள் சிற்றாற்றுக் கெண்டையோடு காலம் கழித்தார். அவர் செய்வதை ஊரில் யாரும் மீன்பிடி என்று ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் தூண்டில் என்றால் மண்புழு, தக்கை, மர நிழல், உட்கார ஒரு கல். துரை உட்காரமாட்டார். தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, குளிக்கிறவர்கள் வருமுன் விடியற்காலையில் அருவிக்குக் கீழே பாறைகளுக்கிடையே ஆற்றில் இறங்கிவிடுவார். அவர் கம்பு பத்தடி நீளம். மூங்கிலைக் கீற்றுக் கீற்றாகச் சீவி ஒட்டியது. நுனி ஈர்க்கைவிட மெல்லியது. பட்டு நூலைப் பின்னால் வீசுவார். அது காற்றில் முழுசாக நீள்கிறவரை காத்திருப்பார். பிறகு முன்னால் வீசுவார். நூல் சத்தமில்லாமல் போய், நுனியில் கட்டிய ஈ மட்டும் தண்ணீரில் உட்காரும். உயிருள்ள ஈ அல்ல. தூண்டில் முள்ளின்மேல் மயிரும் இறகும் சுற்றி அவரே செய்த ஈ. வயலுக்குப் போகிற வழியில் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, துரை ஆற்றைச் சாட்டையால் அடிக்கிறார், பாவம் ஆறு என்ன செய்தது என்பார் அப்பா. அதற்கு மேல் கிட்டப் போய்ப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை.

பிடித்த மீனைத் துரை நனைந்த கையில் ஒரு நிமிஷம் வைத்துப் பார்ப்பார். அப்புறம் ஆற்றிலேயே விட்டுவிடுவார். தெருவுக்கு அதுதான் ஆறவே இல்லை.

மழை விடாத நாளில் பங்களா வராந்தாவில் உட்கார்ந்து ஈ கட்டுவார். மேசை விளிம்பில் சின்ன இடுக்கி ஒன்றைத் திருகி, அதன் வாயில் முள்ளைக் கொடுப்பார். முதலில் மெழுகு தடவிய சிவப்பு நூல். அதன்மேல் ஏதோ பழுப்பு மயிர், விரலால் உருட்டி உருட்டி. கடைசியில் காட்டுச்சேவலின் கழுத்திறகு. தேன் எடுக்க மலை ஏறுகிறவர்கள் அந்த இறகைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் அரக்கு சொட்டியது போல ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். ஈ நனைந்ததும் அந்தப் பொட்டு கண் மாதிரி முழிக்கும். தகரப் பெட்டி நிறைய ஈக்களைக் கட்டி வைத்திருந்தார். எல்லாம் அவர் இனிமேல் போகப்போகாத மலை ஆற்றுக்கு. நான் தூணோரம் நின்று பார்ப்பேன். என்னோடு அவர் பேசியதில்லை. போகச் சொன்னதும் இல்லை. 

அந்தப் பழுப்பு மயிர் எதனுடையது என்று எனக்குத் தெரியாது. மேசைமேல் துரைசானியின் படம் ஒன்று இருந்தது. படத்தில் தலைமயிர் வெளிறி இருந்தது. இது அந்த அம்மாளின் முடிதான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். வீட்டுப் பெண்ணின் முடியைச் சுற்றினால்தான் மீன் நம்பி வாய் வைக்கும் போலிருக்கிறது. அது முயல் மயிர் என்று வெகு நாள் கழித்து, இண்டர்மீடியட் படிக்கும்போது, லைப்ரரிப் புத்தகம் ஒன்றில் கண்டேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் தெருப் பெண்கள் சீவி உதிர்ந்த முடியைக் கண்ட இடத்தில் போடமாட்டார்கள். வேண்டாதவர் கையில் கிடைத்தால் வினை வைத்துவிடுவார்கள் என்று பயம். சுருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைப்பார்கள். பெரியம்மாவிடம் அந்தச் சுருளைக் கேட்டேன்.

"எதுக்குலே?"

"மீனு பிடிக்க."

"என் முடியில மாட்டுத மீனு கருவாட்டுக்குக்கூட ஆகாதே" என்றாள். ஆனாலும் எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தபின் யாரிடமும் காட்டாதே என்று ஒரு முறை சொன்னாள்.

இறகு, பங்களாவில் பெருக்கித் தள்ளிய குப்பையிலேயே கிடைத்தது. சிவப்பு நூலுக்கு மாடன் கோயிலில் கையில் கட்டிவிட்ட கயிற்றைப் பிரித்தேன். முள்ளுக்கு வழியில்லை. துரை சாப்பிட உள்ளே போயிருந்தபோது, முள் பெட்டியிலிருந்து ஒன்றே ஒன்று எடுத்தேன்.

மறுநாள் பட்லர், பெரியம்மாவையும் தோட்டக்காரரையும் என்னையும் நிறுத்தி வைத்துப் பேசினார். துரை தினமும் ராத்திரி முள்ளை எண்ணி வைக்கிறவர். ஒன்று குறைகிறது. எடுத்தது யாரென்று தெரிந்தால் போலீஸ் ஸ்டேஷன்தான். சொல்லிவிட்டு என்னைத் தனியாகப் பார்த்து, துரை ஒனக்கு ஒரு கடுதாசி தாரேன்னு சொல்லியிருக்காரு, நெனப்பிருக்கட்டும் என்றார். தென்காசிப் பள்ளிக்கூடத்தில் முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், என்னைப் பாதிச் சம்பளத்துக்குச் சேர்த்துக்கொள்ளும்படி தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதம் அது. பட்லரை விட்டுத் துரையிடம் கேட்கச் சொல்லி, பெரியம்மா மாதக்கணக்காகக் காத்திருந்தது அதற்குத்தான். முழுச் சம்பளம் கட்ட எங்களால் ஆகாது. கடிதம் இல்லையென்றால் நான் அப்பாவோடு வயலுக்கு.

ஆனாலும் ஈயைக் கட்டாமல் இருக்க முடியவில்லை. முள்ளை வாசற்கதவின் இடுக்கில் செருகிக் கட்டினேன். நாலு முறை அவிழ்ந்தது. ஐந்தாம் முறை நின்றது. ஆடிக் காற்று கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில், மூங்கில் வளாரும் நூலுமாகக் குளிப்பிடத்தைத் தாண்டி ஆறு வளைகிற இடத்துக்குப் போனேன். மேலே மலை தெரியவில்லை, ஒரே மேகம். தண்ணீரில் கால் வைத்ததும் பல் அடித்தது. துரை மாதிரி வீசப் பார்த்தேன். வளார் வளையவில்லை, நூல் என் கழுத்தில்தான் சுற்றியது. கடைசியில் சும்மா நீரோட்டத்தில் போட்டேன். ஈ மிதந்து ஒரு பாறையைச் சுற்றிப் போயிற்று. அந்தப் பொட்டு ஒரு தடவை மின்னியது. வெடுக்கென்று ஓர் இழுப்பு.

விரல் நீளக் கெண்டை. கையை நனைத்துக்கொண்டு அதைப் பிடித்தேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்துக்கொண்டது. சுற்றிப் பார்த்தேன். அக்கரையில் ஒரு கொக்கு. வேறு ஒருவரும் இல்லை. மீனை விட்டுவிட்டேன். அப்புறமும் கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவோ பரீட்சைகள் தேறியிருக்கிறேன். அதுபோல் ஒன்று பிறகு நடக்கவில்லை. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை; சொல்லாமல் இருப்பதும் அதற்குப் பின்தான் பழகிப்போயிற்று.

ஈயை மாட்டுத்தொழுவத்துக் கூரை ஓலையில் செருகி வைத்தேன்.

அடுத்த வாரம் தங்கச்சிக்கு வயிற்றோட்டம் கண்டது. கஷாயம், பச்சிலை, பக்கத்துத் தெரு வைத்தியர், எதற்கும் நிற்கவில்லை. கண் குழிந்து, உச்சி பள்ளமாகிவிட்டது. அம்மாவைத் தப்பாக நினைக்காதீர்கள். எனக்கும் தங்கச்சிக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகளை ஆற்றங்கரையில் புதைத்தவள் அவள். காற்றில் எழும்பிய தொழுவத்து ஓலையைச் செருகப் போனவள் கையில் முள் குத்தியது. என்னவென்று பார்த்தாள். கூச்சல் போடவில்லை. அடுப்புக்குச்சியால் அதை முறத்தில் தள்ளிக்கொண்டு வந்து அப்பா முன்னால் வைத்தாள்.

"இது யாரு முடின்னு தெரியுதா?"

அப்பா குனிந்து பார்த்தார். யாருக்குத்தான் தெரியாது.

மந்திரவாதி மறுநாள் காலையில் வண்டியில் வந்து இறங்கினார். பெரியம்மா பங்களாவுக்குப் போயிருந்த நேரம். ஒரு தோல்பை, ஒரு குடை, நல்ல வெள்ளை வேட்டி. பயமுறுத்துகிற ஆளாக இல்லை. முறத்தின் முன் குந்தி, ஈயைக் குச்சியால் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றாகச் சொன்னார். முடி, செய்தவளின் அடையாளம். சிவப்பு நூல், கட்டு. இறகிலுள்ள பொட்டு, காவல் இருக்கிற கண். வாலை எவ்வளவு விட வேண்டுமோ அவ்வளவே விட்டிருக்கிறது, முடிச்சு உள்ளே மறைந்திருக்கிறது என்று வியந்தார். "முள்ளு எதுக்குன்னா, மீனைக் கொத்தி இழுக்குத மாதிரி குட்டியோட ஜீவனைக் கொத்தி வலிக்கும். கெட்டினது நல்ல கையாக்கும்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அம்மா அழுதுகொண்டிருந்தாள், தங்கச்சி சுருண்டு கிடந்தாள், எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வந்தது. நான் கட்டிய ஈயை அப்படி உன்னிப்பாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அடுத்த நிமிஷமே, பேச்சு எங்கே போகிறது என்று புரிந்தது. வாயைத் திறந்தால் ஸ்டேஷன், கடிதம், பள்ளிக்கூடம்.

எங்கள் வீட்டுக் கறுப்புச் சேவலை அறுத்தார்கள். ஈயைச் சாம்பலோடு ஒரு கலயத்தில் போட்டு, வாய் கட்டி, சிற்றாற்றில் விட்டார்கள்.

பெரியம்மா சாயங்காலம் வெயில் சாயுமுன் வந்தாள். அப்பா எழுந்து நின்றுதான் பேசினார். அவளிடம் அதுவரை அவர் குரல் உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"மதினி, மாடன் முன்னால சூடத்தை அணைச்சு ஒரு சத்தியம் பண்ணிருங்க. நான் செய்யலை, செஞ்சது யாருன்னும் எனக்குத் தெரியாதுன்னு. அது போதும். தெரு வாய அடைச்சிருதேன்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொன்ன சொல் பொய்யானால் குடும்பம் விளங்காது என்பது எங்கள் ஊர்க் கட்டு. அந்தச் சத்தியத்தில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை அவளால் சொல்ல முடியாது. அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. வேறு யாரும் கவனிக்கிற அளவுக்கு இல்லை. அப்புறம் அப்பா பக்கம் திரும்பினாள்.

"முடி என் முடிதான் தம்பி. யாருக்கும் நான் கேடு நெனைக்கல. சத்தியமெல்லாம் வேண்டாம்."

அம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை கிணற்றடியில் வாளியை இறக்கிக்கொண்டே பெரியம்மா கேட்டாள்: "லே, அந்த முள்ளு துரை பெட்டியில உள்ளதுதான?" தலையாட்டினேன். நிறைந்த வாளியை இழுத்துக் கிணற்றுச் சுவரில் வைத்தாள். "வாயத் தொறக்காத. கடுதாசி கையில வார வரைக்கும் தொறக்காத. நான் எங்க போனாலும் பெருக்கித்தான் திங்கப்போறேன்."

அன்று உச்சிக்கு முன்பே கீழப்பாவூரில் இருந்த தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். ஒரு பித்தளைச் செம்பு, இரண்டு சேலை. பெரியப்பா பங்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. தெருமுனை திரும்பும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். தங்கச்சிக்கு இரண்டு நாளில் வயிறு நின்றது. மூன்றாம் நாள் பால் குடித்தாள். அதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்?

மாதக் கடைசியில் துரை கிளம்புகிற அன்று கடிதம் வாங்கப் போனேன். சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். துரை முள் பெட்டியைத் திறந்து பார்த்தார். மழைக்காற்றில் பாதி துருப்பிடித்திருந்தது. அப்படியே தோட்டத்து வாழைக்குழியில் கவிழ்த்தார். ஐம்பதா, நூறா தெரியாது. அவர் எண்ணவில்லை. எண்ணியதே இல்லை. ஆற்றில் ஒரு காலைக்கு நாலைந்து முள்ளைப் பாறைக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர் எதற்கு எண்ணுவார்? நான் பெட்டியில் கை வைத்ததைப் பட்லர் பார்த்திருக்க வேண்டும்; எண்ணிக்கை அவர் வாயில் பிறந்தது. பெருக்க வருகிற அம்மா எங்கே என்று துரை கேட்டதாக பட்லர் சொன்னார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முள், முடி, சுவர் இடுக்கு, கெண்டை, எல்லாம்.

அப்பா கையை இலையில் வைத்தபடி அம்மாவைப் பார்த்தார். அம்மா சொன்னாள்: "பாத்தியளா, போறப்ப பிள்ளைக்கு என்ன சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கா."

வேண்டுமானால் இன்னொன்று கட்டிக் காட்டுகிறேன் என்றேன். அதைக் கேட்டதும் அவர்கள் முகம் மாறியது. கட்டிக் காட்டியிருந்தால் வித்தையையும் எனக்கு ஏற்றிவிட்டாள் என்றுதான் ஆகியிருக்கும். அந்த வாரமே என் கையில் ஒரு தாயத்து ஏறியது. அதைக் கட்டிக்கொண்டுதான் முதல் பாரத்தில் போய் உட்கார்ந்தேன். பையன்கள் கேட்டால் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்வேன்.

அடுத்த வருஷம் ஒரு விடுமுறை நாளில் வீட்டில் சொல்லாமல் தென்காசியிலிருந்து கீழப்பாவூருக்கு நடந்தேன். பெரியம்மா தம்பி வீட்டுக் களத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை ஒட்ட வெட்டியிருந்தாள். பேன் தொல்லை என்றாள்.

"எந்தப் பாரம்லே இப்ப?"

"ரெண்டாவது."

"இங்கிலீசு வருதா?"

"வருது பெரியம்மா. நான் வீட்டுல சொல்லிட்டேன். எல்லாத்தையும்."

முறம் நின்றது. "நம்பினாவளா?"

"இல்ல."

"பின்ன எதுக்குச் சொன்ன" என்று மறுபடி புடைக்கத் தொடங்கினாள். தூசி என் மேலெல்லாம் விழுந்தது. சோறு போட்டாள். நான் தின்று முடிக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது, "இங்கன இனிமே வராத. ஒங்க அம்மைக்குத் தெரிஞ்சா, பிள்ளைக்கு நான் எதையோ குடுத்துட்டேன்னு திரும்ப அந்த ஆளைக் கூட்டிட்டு வருவா. படிப்பைப் பாரு" என்றாள்.

நான் சொன்ன பேச்சுக் கேட்கிற பையன். போகவில்லை. எட்டு மைல், பத்து மைல் ஒரு தூரமா? இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு ஆறவில்லை. நான் திருச்சியில் காலேஜில் இருந்தபோது அவள் இறந்துபோனாள். செய்தி ஒரு மாதம் கழித்து அப்பாவின் தபாலில், குத்தகை நெல்லுக்கும் மாட்டுக்கும் நடுவில் ஒரு வரியாக வந்தது.

போன தையில் தங்கச்சிக்குக் கல்யாணம். அதற்காக மட்டும் ஊருக்குப் போனேன். பந்தலில் சம்பந்தி வீட்டாரிடம் அப்பா பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், இந்தப் பிள்ளையைப் பிழைக்க வைக்க என்ன பாடுபட்டோம் என்று. பெரியம்மாவைப் பெயர் சொல்லவில்லை, வீட்டில் இருந்த ஒரு பொம்பளை என்றார். கூட்டம் கலைந்தபின் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அந்த வருஷம் மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். அப்பா யோசிக்கவே இல்லை. மந்திரவாதிக்கு ஆறு ரூபாய். போக வர வண்டிக்கூலி ஒன்றேகால். பூசைச் சாமான் பத்தணா. எனக்குக் கட்டிய தாயத்து ஒன்றரை. ஆக ஒன்பது ரூபாய் ஆறணா. சேவல் வீட்டுச் சேவல் என்பதால் அதை அவர் சேர்க்கவில்லை.